நஃப்ஸுக்குக் கூலி

தீமையொன்றை விட்டொழித்தமைக்காகத் தனக்குத் தானே பரிசு வழங்கிக்கொள்ளும் மனிதனை நாம் நல்லவன் என்பதா, கெட்டிக்கார வியாபாரி என்பதா? நன்மையை நன்மை என்பதற்காகவே நாடாமல், அதற்கொரு கூலியைக் கையில் வைத்துக்கொண்டு மனத்தை அழைப்பவனின் நிய்யத்து எத்தகையது? இக்லாஸ் என்னும் உளத்தூய்மையைப் பற்றிப் பேசும் நூல்களில் மட்டுமே இவ்வினா எழுவதாகப் பலர் எண்ணுவர். ஆனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில், பீடியையும் சிகரெட்டையும் விட முயன்றுகொண்டிருக்கும் சாதாரண மனிதர்களிடமிருந்தும் இதே வினா வருகிறது. அவர்களுள் ஒருவர், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: “ஹஜ்ரத், கெட்டதை விட்டதற்காக எனக்கு நானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டால், விட்டதற்குரிய நன்மை போய்விடுமா?”

அவர் ஒரு தையற்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைத்து வந்தவர். பீடிக்கும் சிகரெட்டுக்குமாக நாள்தோறும் 60 ரூபாய் செலவிட்டு வந்திருக்கிறார். விட்ட நாள் முதல் அந்த 60 ரூபாயை ஓர் உண்டியலில் இட்டு வருகிறார். வெள்ளிதோறும் அதிலிருந்து சிறிது எடுத்து, ஒரு சிறு புட்டி அத்தரோ, தமக்குப் பிடித்த வேறு ஏதேனுமோ வாங்கிக்கொள்கிறார். அத்தரை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புகை, நுகரும் புலனை மழுக்கிவிடுகிறது. விட்ட சில நாட்களில் அப்புலன் திரும்பத் தொடங்குகிறது. முன்பு தாம் பூசிக்கொண்டு பிறர் மட்டுமே அறிந்த மணத்தை இப்போது தாமே அறிவதில் அவருக்கு ஒரு குழந்தையின் மகிழ்ச்சி. வெங்காயமும் பூண்டும் தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வருவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதையும், நறுமணத்தை மிக விரும்பினார்கள் என்பதையும் அறிந்தவர் அவர். ஆகவே பரிசு நல்ல பரிசுதான். ஆயினும் அவர் உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்தது.

அவ்வுறுத்தலை விளைத்தவர், எங்கள் மதரஸாவில் என்னோடு ஓதிக்கொடுக்கும் மூத்த உஸ்தாத் ஒருவர். அவருடைய கருத்து கடுமையானது. “நஃப்ஸு என்பது அடக்கப்பட வேண்டிய மிருகம். அதற்குப் பரிசு கொடுப்பது லஞ்சம். லஞ்சம் பெற்றுக்கொண்டு நேர்மையாக நடக்கும் அதிகாரி, லஞ்சம் நின்ற அன்றே பழைய வழிக்குத் திரும்புவான்” என்பது அவர் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இதே வாதத்தை வேறொரு கோணத்தில், ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1785-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நூலில் முன்வைத்தார். வாடிக்கையாளர் வருகை குறையக் கூடாதே என்பதற்காக எவரையும் ஏமாற்றாத கடைக்காரனை எடுத்துக்காட்டி, அவன் செயல் சரியானதே. ஆனால் அதில் ஒழுக்க மதிப்பு இல்லை என்றார். கடமை என்பதற்காகச் செய்யப்படுவதே மதிப்புடையது என்பது அவர் முடிவு. (இடையே ஒன்று: காண்ட் புகைப்பவர். காலையில் தேநீரோடு ஒரே ஒரு குழாய்ப் புகையிலை என்று தமக்கு வரையறை வகுத்திருந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குழாயின் கிண்ணம் பெரிதாகிக்கொண்டே போயிற்று என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவதுண்டு. எண்ணிக்கையில் வாக்குத் தவறவில்லை. நஃப்ஸு வேறு வழியில் நுழைந்துவிட்டது.)

நம்மவரிடையேயும் இக்கருத்து புதிதன்று. பஸராவின் ராபிஆ அம்மையார் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் நீரும் ஏந்தித் தெருவில் ஓடினார்கள் என்றும், சுவர்க்கத்தை எரித்து நரகத்தை அணைத்துவிட்டால் மக்கள் இறைவனை இறைவனுக்காகவே வணங்குவார்கள் என்று காரணம் கூறினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. கூலிக்கு வணங்குவது வியாபாரியின் வணக்கம், அச்சத்தால் வணங்குவது அடிமையின் வணக்கம், நன்றியால் வணங்குவதே சுதந்திர மனிதனின் வணக்கம் என்னும் கருத்து அலீ (ரலி) அவர்கள் பெயரால் வழங்குகிறது. இவை உயர்ந்த நிலைகள். அவற்றை மறுக்க நான் யார்?

ஆனால் திருமறை எல்லோரையும் அந்த உச்சியில் நிறுத்திவைத்துப் பேசவில்லை. ‘ஸஃப்’ என்னும் அத்தியாயத்தில் இறைவன் நம்பிக்கையாளர்களை விளித்து, வேதனையிலிருந்து காக்கும் ஒரு வியாபாரத்தை அறிவித்துத் தரட்டுமா என்று கேட்கின்றான். வியாபாரம் என்னும் சொல்லையே இறைவன் கையாளும்போது, கூலியை நாடும் உள்ளத்தை முழுவதும் பழிப்பது எங்ஙனம்? நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் உண்டென்று நபிமொழி கூறுகிறது. ஒன்று நோன்பு திறக்கும்போது. மற்றொன்று தன் இறைவனைச் சந்திக்கும்போது. மறுமையின் பெருங்கூலியோடு, மாலைதோறும் கிடைக்கும் ஒரு சிறு கூலியையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். பேரீச்சம்பழத்தின் இனிப்பும் கஞ்சியின் சூடும் நோன்பின் தூய்மையைக் குறைத்துவிடுவதாக எவரும் சொன்னதில்லை.

மூத்த உஸ்தாத் அவர்களிடம் நான் வேறொன்றையும் நினைவூட்டினேன். திருமறை ஓதிக்கொடுப்பதற்குக் கூலி பெறலாமா என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் பழைய வழக்கு. முற்கால ஹனஃபி இமாம்கள் கூடாதென்றனர். பைத்துல்மாலின் உதவி நின்று, ஓதிக்கொடுப்போர் வயிற்றுப் பிழைப்புக்கு வேறு தொழில் நாடிச் சென்றதால் கல்வி அழியும் நிலை வந்தபோது, பிற்கால ஹனஃபிகள் அதனை அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் முன்னரே அனுமதி உண்டு. உஸ்தாத் அவர்களும் நானும் மாதந்தோறும் சம்பளப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறோம். நம் ஊர்ப்புறத்திலேயே இதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்றும் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாக அளித்த செய்தியைச் சொல்கிறது. மூன்று ஊர்களின் விளைச்சலை உண்டு கற்பித்தவர்களின் கல்வியை லஞ்சக் கல்வி என்று வரலாறு சொல்லவில்லை. உஸ்தாத் அவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. “சம்பளம் பிறர் தருவது, இது தனக்குத் தானே தருவது அல்லவா?” என்றார்கள்.

இது கூர்மையான மறுப்பு. ஷாஃபிஈ சட்டத்தில் ஒருவரே விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்க இயலாது. ஒப்பந்தம் என்றால் இரு தரப்பு வேண்டும். தனக்குத் தானே கூலி பேசிக்கொள்பவன் யாரோடு ஒப்பந்தம் செய்கிறான்? ஆயினும் இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தந்தையோ தந்தையின் தந்தையோ, தம் பராமரிப்பிலுள்ள சிறுவனின் பொருள் தொடர்பாக இரு தரப்பிலும் தாமே நின்று விற்கவும் வாங்கவும் செய்யலாம். சிறுவனுக்குத் தன் நலம் தெரியாது. தந்தைக்கு இரக்கமும் உண்டு, அறிவும் உண்டு. இவ்விலக்கை நஃப்ஸுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது சட்டத் தீர்ப்பன்று, ஓர் உவமையே. புகைக்குப் பழகிய மனம், தன் நலம் அறியாத சிறுவன். அச்சிறுவனின் பொறுப்பாளன் அவனுடைய அறிவு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதே உவமையை அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். இஹ்யாவு உலூமித்தீனில் உள்ளப் பயிற்சியைப் பற்றிப் பேசுமிடத்து, பள்ளிக்குச் செல்ல மறுக்கும் சிறுவனை முதலில் பந்தையும் மட்டையையும் காட்டி அழைக்க வேண்டும் என்கிறார்கள். பின்னர் அழகிய ஆடையைக் காட்டி, பின்னர் பதவியையும் மதிப்பையும் காட்டி, இறுதியில் மறுமையைக் காட்டி அழைக்க வேண்டுமாம். ஒரு தீய குணத்தை முற்றாக விட இயலாதவனை, அதைவிட இலேசான இன்னொன்றுக்கு மாற்றுவதும் அவர்கள் சொல்லும் உபாயமே. குருதிக் கறையை முதலில் அசுத்த நீரால் போக்கி, பின்னர் தூய நீரால் அந்த அசுத்தத்தைப் போக்குவதற்கு அதனை ஒப்பிடுகிறார்கள். பதவி ஆசையை வேறிடங்களில் அத்தனை கடுமையாகக் கண்டித்த இமாம் அவர்களே அதனை ஏணியின் ஒரு படியாக வைக்கத் தயங்கவில்லை. வள்ளுவரும் துறவைப் பற்றிய அதிகாரத்தில், பற்றை விடுவதற்கே ஒரு பற்றைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார்.

காண்டுக்கும் இங்கே விடை இருக்கிறது. அவருடைய கடைக்காரன் விரும்பினால் எந்த நாளும் நேர்மையாக இருக்க வல்லவன். புகைப்பவனோ அப்படியல்லன். 2016-17-இல் இந்தியாவில் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்போரில் 55 விழுக்காட்டினர் விட்டுவிட வேண்டும் என்ற திட்டமோ எண்ணமோ உடையவர்கள். அறிவு இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது, ஆற்றல் மட்டும் இல்லை. ஆற்றலே இல்லாத இடத்தில் நோக்கத்தின் தூய்மையை அளப்பது, நடக்கத் தெரியாத குழந்தையின் நடையழகை விமரிசிப்பது போன்றது.

அவ்வாற்றலைப் பறிப்பது எது என்பதைச் சிறிது காண வேண்டும். உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்து, இருபது விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. விடுவதால் வரும் நன்மையோ மெல்ல வருகிறது. ஓராண்டு விட்டிருந்தால் மாரடைப்பு முதலிய இதய நோய்களின் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பாதியாகப் பத்தாண்டு வரை ஆகும். பத்து விநாடி இன்பத்தை ஒரு தட்டிலும் பத்தாண்டு நன்மையை மறு தட்டிலும் வைத்தால், மனத்தின் தராசு எப்பக்கம் சாயும்? அத்தட்டில் இன்றைக்கே கைக்குக் கிடைக்கும் ஒரு சிறு எடைக்கல்லைச் சேர்ப்பதுதான் பரிசின் வேலை. பீடியைச் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்று நம் கிராமங்களில் பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. பீடி எளிதில் அணைந்துவிடுவதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பீடியின் வழியே உள்ளே செல்லும் நிகோடினும் கரியும் நச்சு வாயுவும் சிகரெட்டுக்குக் குறைந்தவையல்ல. (பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் மேலப்பாளையத்திலும் வேலூர்ப் பகுதியிலும் நம் சமுதாயத்தில் பல உண்டு. அப்பெண்களின் வயிற்றுப்பாட்டை எண்ணாமல் பீடியை ஏசுவது எனக்கு உவப்பில்லை. அது தனியே எழுதத்தக்க பொருள்.)

ரமளான் மாதத்தை எண்ணிப் பாருங்கள். கடுமையாகப் புகைப்பவரும் ஸஹர் முதல் மஃரிப் வரை பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் புகையைத் தொடுவதில்லை. உடலிலுள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. அக்கணக்கின்படி பதினான்கு மணி நேரத்தில் ஏழு முறை பாதியாகி, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எஞ்சுகிறது. அந்த அளவுக்குத் தூய்மையான உடலோடு மாலையில் பள்ளிவாசலுக்கு வருகிறார். கஞ்சி குடித்து, மஃரிப் தொழுது, பள்ளிவாசலின் பின்புறச் சந்துக்குச் சென்று பற்றவைக்கிறார். விடுவதில் மிகக் கடினமான பகுதியை முப்பது நாளும் செய்து முடித்துவிட்டு, முப்பது நாளும் தாமே அழித்துவிடுகிறார். ஏன்? பகலில் அவரைத் தடுத்தது இறைவனின் கட்டளை. அக்கட்டளைக்கு மாலை வரை என்ற எல்லை இருந்தது. மாலைக்கு மேல் அவர் தமக்கென ஒன்றும் பேசி வைத்திருக்கவில்லை.

கட்டளையின் வலிமையையும் அதன் எல்லையையும் காட்டும் பெரிய நிகழ்ச்சி ஈரானில் நடந்தது. 1890-இல் நாஸிருத்தீன் ஷா அந்நாட்டுப் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்குக் குத்தகையாகக் கொடுத்தார். 1891 டிசம்பரில், ஸாமர்ராவிலிருந்த ஷியா முஜ்தஹித் மீர்ஸா ஷீராஸி அவர்கள் பெயரால், புகையிலை கூடாதென ஒரு ஃபத்வா வெளியாயிற்று. ஒரு நாடே ஹுக்காவைக் கீழே வைத்தது. ஷாவின் அந்தப்புரத்துப் பெண்டிரும் புகைக்க மறுத்தனர் என்பர். பணியாளர்கள் ஹுக்காவை எடுத்துவர மறுத்துவிட்டனராம். 1892 ஜனவரியில் குத்தகை ரத்தாயிற்று, தடையும் நீங்கியது, நாடு மீண்டும் புகைத்தது. அரசியல் வெற்றி என்ற வகையில் அது மகத்தானது. புகைப்பதை விடுதல் என்ற வகையில் அது ஒரு நீண்ட நோன்பு, அவ்வளவே. புகையிலையின் ஹுக்மு பற்றி, ஏறத்தாழ 1600-இல் அது உதுமானிய நாடுகளுக்கு வந்த நாள் முதல் ஆலிம்கள் வாதிட்டு வந்துள்ளனர். டமஸ்கஸ் நகரத்து அப்துல் கனீ அந்நாபுலுஸி (ரஹ்) அவர்கள் ஆகுமென்று தனி நூலே எழுதினார்கள். அதன் தீங்கு இந்த அளவு நிரூபணமாகியுள்ள இக்காலத்தில் பலர் ஹராம் என்றே தீர்ப்பளித்துவிட்டனர். அவ்விவாதத்துக்குள் நான் புகப்போவதில்லை. விட வேண்டும் என்பதில் தையற்காரருக்கு ஐயம் இருக்கவில்லை.

பரிசு உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஊழியர் 878 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு அறிவுரையும் தகவலும் மட்டும் தரப்பட்டன. மறு பகுதியினருக்கு, விட்டு நிலைத்தால் படிப்படியாக மொத்தம் 750 டாலர் வரை பரிசு பேசப்பட்டது. ஓராண்டளவில், பரிசு பேசப்பட்டோரில் 14.7 விழுக்காட்டினரும் மற்றோரில் 5 விழுக்காட்டினரும் விட்டிருந்தனர். பரிசு நின்று ஆறு மாதம் கழித்தும் 9.4-க்கு 3.6 என்ற வேறுபாடு நீடித்தது. மூத்த உஸ்தாத் அவர்களின் அச்சம் பாதி உண்மையாயிற்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். கூலி நின்றபின் சிலர் திரும்பினர். ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. பணத்துக்காகத் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர் பணம் இன்றியே நின்றுவிட்டார்கள். கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கூறிய பந்தும் மட்டையும் கைவிடப்பட்ட பின்னும் அச்சிறுவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. அது இன்னும் சுவையானது. அங்கே வங்கி பரிசு தரவில்லை. புகைப்பவர் தம் சொந்தப் பணத்தையே ஆறு மாதம் வங்கியில் இட்டு வர வேண்டும். முடிவில் சிறுநீர்ச் சோதனையில் தேறினால் பணம் திரும்பும். தவறினால் அது முழுவதும் தர்மத்துக்குப் போகும். இத்தகைய கணக்குத் தொடங்க முன்வந்தோர் பத்தில் ஒருவரே. எனினும் இவ்வாய்ப்பு வழங்கப்பட்டோர், வழங்கப்படாதோரைவிடக் கூடுதலாகப் புகையை விட்டனர். ஓராண்டு கழித்து முன்னறிவிப்பின்றிச் சோதித்தபோதும் அவ்வேறுபாடு இருந்தது. 2015-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்விலும் இவ்வாறே. பரிசுத் திட்டத்தை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்றனர். தம் பணத்தைப் பிணை வைக்கும் திட்டத்தை ஏற்றவர் பதினான்கு பேருக்கும் குறைவே. ஆனால் பிணை வைக்கத் துணிந்தவர்களிடம் பிணையே அதிக வலிமையுடையதாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எகிப்து நாட்டு மாலிக்கீ இமாம் இப்னு வஹ்பு (ரஹ்) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கி.பி. 813-இல் மறைந்தவர்கள். புறம் பேசும் வழக்கத்தை விட எண்ணி, ஒவ்வொரு முறை புறம் பேசும்போதும் ஒரு நாள் நோன்பு நோற்பதாக நேர்ந்துகொண்டார்கள். பலிக்கவில்லை. நோன்பு பழகிப் போயிற்று. புறம் பேசுவதும் நோன்பு நோற்பதுமாக நாட்கள் கழிந்தன. பின்னர் ஒவ்வொரு முறைக்கும் ஒரு திர்ஹம் தர்மம் என்று மாற்றிக்கொண்டார்கள். திர்ஹத்தின் மீதிருந்த ஆசையால் புறம் பேசுவது நின்றுவிட்டதாக அவர்களே சொன்னார்கள். ஹதீஸ் கலையின் தூண்களில் ஒருவர், தம் நஃப்ஸு நோன்புக்கு அஞ்சாமல் திர்ஹத்துக்கு அஞ்சியது என்று வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறார்! தொழுகையில் தம் கவனத்தைக் கலைத்த தோட்டத்தையே தர்மம் செய்துவிட்ட அபூதல்ஹா (ரலி) அவர்களின் செயலும் இவ்வழியைச் சேர்ந்ததே. உள்ளத்தோடு முதலில் நிபந்தனை பேசுதல், கண்காணித்தல், கணக்குப் பார்த்தல், தவறினால் தண்டம் விதித்தல் என்று கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்த படிகள், கூட்டாளியோடு கணக்கு முடிக்கும் வணிகனின் மொழியிலேயே அமைந்தவை.

அவ்வாறெனில் பரிசு எங்கும் நன்மையே செய்யுமா? இல்லை. 1973-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், படம் வரைவதில் தாமாகவே ஆர்வமுடைய சிறுவர்களுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டிச் சொல்லி வரையச் செய்தனர். பின்னர் பரிசு இல்லாத நாட்களில் அவர்கள் வரைவதை நாடுவது குறைந்துபோயிற்று. ஆகவே அன்பு முன்னரே குடியிருக்கும் இடத்தில் கூலியைக் கொண்டுபோய் வைத்தால் அன்பு வெளியேறிவிடும். மகன் தாயின் காலைப் பிடித்துவிடுவதற்கு நாம் காசு கொடுக்கலாகாது. ஆனால் புகையற்ற நாளின் மீது புகைப்பவனுக்கு என்ன அன்பு முன்னரே இருக்கிறது? அவனுக்கு அது வெறும் வெறுமை, எரிச்சல், உறக்கமின்மை. அங்கே கூலி எதனையும் வெளியேற்றுவதில்லை.

இனி, என்ன பரிசு, எப்போது என்பது. ‘ஒரு வாரம் தொடவில்லை, இன்று ஒன்று மட்டும்’ என்று சிகரெட்டையே பரிசாக்கிக்கொள்பவர்கள் பலர். உஸ்தாத் அவர்கள் சொன்ன லஞ்சம் என்னும் சொல் இங்கேதான் பொருந்துகிறது. பொய்யை நிலைநாட்டவும் உண்மையை வீழ்த்தவும் கொடுப்பதே ரிஷ்வத் என்பது நம் நூல்களின் வரையறை. விட்டதற்குப் பரிசாக விட்டதையே கொடுப்பது அதன் தெளிவான வடிவம்.

பாகூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நெல் வியாபாரி ஒருவர் வேறு வழி சென்றார். நூறு நாள் விட்டால் நல்லதொரு கைக்கடிகாரம் என்று தமக்குப் பேசிக்கொண்டார். நூறு நாளும் நின்றார், கடிகாரமும் வந்தது, அவ்வாரத்திலேயே கடிகாரம் கட்டிய கையில் சிகரெட்டும் வந்தது. இது ஏன் என்பதை ஃபிக்ஹின் இரு சொற்களால் விளக்கலாம். ‘ஜுஆலா’ என்பது வேலை முடிந்தால் தரப்படும் சன்மானம். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரசரின் அளவுபாத்திரத்தைக் கொண்டுவருவோருக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று அறிவிக்கப்பட்டதே, அது போல்வது. பாத்திரம் கிடைத்தது, சன்மானம் கொடுத்தாயிற்று, உறவு முடிந்தது. ‘இஜாரா’ என்பதோ காலத்துக்குப் பேசிய கூலி. புகையை விடுவதில் முடிந்துவிட்டது என்று சொல்லத்தக்க நாள் எது? நெல் வியாபாரி, முடிவில்லாத வேலைக்கு முடிவில் தரும் சன்மானத்தைப் பேசிவிட்டார். நூறாம் நாளன்று அவருடைய மனம் ஒப்பந்தப்படி நேர்மையாகவே நடந்துகொண்டது என்றுகூடச் சொல்லலாம். தையற்காரரின் வெள்ளிக்கிழமை அத்தர் நாட்கூலி, வாரக்கூலி வகையைச் சேர்ந்தது. அது சிறியது, அண்மையில் உள்ளது, அடுத்த வாரத்துக்கும் வேலை இருப்பதை நினைவூட்டுவது. முதல் சில நாட்களும் வாரங்களுமே உடலின் தவிப்பு மிகுந்த காலமாதலால், தொடக்கத்தில் கூலியை நாள்தோறும் கொடுத்துப் பின்னர் இடைவெளியை நீட்டிச் செல்வது இன்னும் ஏற்றதென்று அவருக்குச் சொன்னேன்.

ஆனால் அவர் கேளாத ஒரு வினாவையும் நான் எழுப்ப நேர்ந்தது. உண்மையில் இவ்வழக்கின் கடினமான பகுதி அதுவென்றே நான் கருதுகிறேன். அந்த 60 ரூபாய் யாருடையது? ஆண்டுக்குக் கணக்கிட்டால் 21,900 ரூபாய். இத்தனை ஆண்டுகள் அத்தொகை புகையாய்ப் போனபோது, வீட்டில் எது குறைந்தது? மனைவி மக்களின் நஃபகா கணவன்மேல் கடமை. மிச்சம் பிடித்துத் தரும் தயவன்று. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டுப் புகைத்தவர், இப்போது புகையை விட்டு அப்பணத்தில் தமக்கு அத்தர் வாங்கினால், திருடிய பொருளைத் திருப்பியவன் அதில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வது போல் ஆகாதா? இதற்கு எதிராகவும் சொல்ல இடமுண்டு. முழுவதையும் வீட்டுக்கே கொடுத்துவிட்டால் உள்ளம் என்னும் சிறுவனுக்குக் கையில் ஒன்றும் இராது. மூன்றாம் வாரத்தில் அவன் பள்ளிக்கு வரமாட்டான். அப்போது வீட்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது. பத்து ரூபாய் அத்தருக்குப் போய் ஐம்பது வீட்டுக்கு வருவது, அறுபதும் புகையாவதைவிட வீட்டாருக்கே நன்று. உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு, மனைவிக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஒரே மூச்சில் சொன்ன நபிமொழி நமக்கு இருக்கிறது. ஆகவே பங்கு பிரித்துக்கொள்ளச் சொன்னேன். பங்கை அவர் தனியே தீர்மானிக்க வேண்டாம், உண்டியலின் சாவி மனைவியிடம் இருக்கட்டும் என்றேன். சாவி கைமாறியதும் ஒப்பந்தத்துக்கு உண்மையிலேயே இரண்டாம் தரப்பு கிடைத்துவிட்டது. உஸ்தாத் அவர்களின் மறுப்புக்கும் அது ஒரு விடை.

நன்மை போய்விடுமா என்ற அவருடைய முதல் வினாவுக்கு நான் சொன்னது இது: இறைவனுக்காக விடுகிறேன் என்ற நிய்யத்து அடியில் இருக்குமாயின், அத்தர் அதன் மேலுள்ள துணைக் காரணம். ஹஜ்ஜுக்குச் செல்பவர் வழியில் வணிகம் செய்வது குற்றமில்லை என்று திருமறையே கூறுகிறது. அடியில் நிய்யத்தே இல்லாமல் அத்தருக்காக மட்டும் விட்டாலும், நுரையீரலுக்கும் வீட்டுக்கும் அதன் பயன் குறையாது. மறுமைக் கூலியைப் பற்றி மட்டுமே அவர் கவலைப்பட வேண்டும். அதற்கும் வாசல் திறந்திருக்கிறது. நிய்யத்தை எந்த வெள்ளிக்கிழமையும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு ஒரு கட்டு, இரு கட்டு என்று புகைப்பவர்களுக்குக் கூலி மட்டும் போதாமல் போகலாம். அவர்கள் மருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புகையை விட விரும்புவோருக்கென 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசிச் சேவையும் உண்டு. தவிப்பைக் குறைக்க நிகோடின் மெல்லுபசையும், தோலில் ஒட்டும் பட்டையும் தருகின்றனர். மெல்லுபசையை ரமளான் பகலில் மென்றால் நோன்பு முறியும். தோலில் ஒட்டும் பட்டையால் முறியாது என்பதே இக்கால ஃபிக்ஹு அறிஞர்கள் பலரின் தீர்ப்பு.